பட்டுக்கு ஆகாதது

அத்தியாயம் 17

போன வாரம் லதாவை ஆட்டோவில் ஏற்றி, கையில் ஒரு பிரமாணப் பத்திரத்தையும் கொடுத்து, பாதி வழியில் விட்டுவிட்டேன். அதற்கு எனக்குக் கிடைத்த திட்டுகளைச் சேர்த்தால் தனியாக ஒரு தொடரே எழுதலாம். ஒரு அம்மாள் போனிலேயே கேட்டுவிட்டார்: "அந்தப் பொண்ணு தம்பிகிட்ட கையெழுத்து வாங்குனாளா இல்லையா, அதை மட்டும் சொல்லிட்டு வைங்க." சொல்கிறேன் அம்மா. கொஞ்சம் மூச்சு விட விடுங்கள்.

நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை. ஸ்வர்ணலதாவுக்கு நாற்பத்தைந்து வயது. வேதியியலில் ஆராய்ச்சி செய்தவள், பிறகு சட்டம் படித்து பேடன்ட் வக்கீல் ஆனவள். யாராவது ஒரு பசையையோ பெயின்டையோ மாத்திரையையோ கண்டுபிடித்துவிட்டேன் என்று ஓடி வந்தால், அது உண்மையிலேயே புதுசுதானா, வேறு யாராவது முன்பே செய்து வைத்திருக்கிறார்களா என்று தோண்டிப் பார்ப்பது அவள் பிழைப்பு. பத்துப் பேர் வந்தால் ஏழு பேரிடம், "சார், இது ஏற்கெனவே இருக்கு" என்று சொல்ல வேண்டியிருக்கும். அடையாறில் மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறாள். நாலு இட்லி வார்த்தால் இரண்டு மறுநாளைக்கு மிஞ்சும் வீடு அது.

அவள் அப்பா பொன்ராஜ், சாத்தான்குளத்துப் பக்கமிருந்து வந்து தி. நகரில் ஜவுளிக்கடை போட்டவர். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், ஆராய்ச்சி மாணவியாக இருந்த லதா, சேலையில் சாயம் போகாமல் இருக்க ஒரு கரைசல் கலந்து கொண்டு வந்தாள். இருபத்தாறு வயது, தலைக்கனம் வேறு. ஒரு சேலையில் போட்டுப் பார்க்கலாம் என்று அப்பா சொன்னதைக் கேட்காமல், கல்யாண வீட்டுக்காரர்கள் எடுத்து வைத்திருந்த பன்னிரண்டு பட்டுச் சேலைகளையும் முக்கிவிட்டாள். பட்டின் பளபளப்பு செத்துப் போனது, ஜரிகை கறுத்துப் போனது. கடை நிறைய ஜனம் நிற்க, பொன்ராஜ் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "இனி நீ இந்தக் கடைப்படி ஏறப்படாது."

அவளும் ஏறவில்லை. அவரும் கூப்பிடவில்லை. ரோஷத்தில் அப்பனுக்கு மகள் கொஞ்சமும் குறைந்தவள் இல்லை. ஆராய்ச்சியை விட்டாள், அந்த நோட்டை வீட்டிலேயே விட்டாள், வீட்டையும் விட்டாள். மூன்று வருடத்துக்கு முன் அவர் இறந்தபோதுதான் கோடம்பாக்கம் வீட்டுக்குள் மறுபடி கால் வைத்தாள்.

அதற்கு அடுத்த வருடம் தம்பி ஆனந்தகுமார் ஒரு பாட்டிலோடு அடையாறுக்கு வந்தான். "பருத்திச் சேலைக்கு, சாயம் போகாம இருக்க நானே ஒண்ணு கலந்திருக்கேன்கா. பேடன்ட் வாங்கிக் குடு" என்றான். போகும்போது, "ஞாயித்துக்கிழமை சாப்பிட வாயேன். அம்மா மீன் குழம்பு வெப்பாங்க" என்றான். நூறு ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் ஆகிவிட்டது, ஒன்றைக்கூட அவள் விட்டதில்லை. வாரத்தில் ஆறு நாள் அவள் வாயைத் திறப்பதெல்லாம் கட்சிக்காரர்களிடமும் லிஃப்ட் ரிப்பேர்காரரிடமும்தான். ஞாயிற்றுக்கிழமைதான் யாராவது, "இன்னும் கொஞ்சம் போட்டுக்க" என்று சொல்லுவார்கள். அது போய்விட்டால் லதாவிடம் வேறு கிழமை கிடையாது.

இப்போது அவள் போட்ட பேடன்ட் விண்ணப்பத்துக்கு எதிர்ப்பு வந்திருக்கிறது. அம்பத்தூர் சோப்புக் கம்பெனி ஒன்று, வக்கீல் சுந்தரராமன் மூலமாக மனுப் போட்டிருக்கிறது. 'இது புதிதல்ல, தி. நகர் கடை ஒன்றில் பல வருடமாகப் புழங்குவதாகக் கேள்வி' என்று. கேள்விதான், சாட்சி ஒன்றும் இல்லை. '2023-க்கு முன் இந்தக் கரைசல் எங்கும் பயன்படுத்தப்படவில்லை' என்று ஆனந்த் ஒரு பிரமாணப் பத்திரம் போட்டால் கதை முடிந்தது. அதற்கு இன்றுதான் கடைசி நாள். அதைத்தான் மடியில் வைத்துக்கொண்டு அவள் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தாள்.

பனகல் பார்க் தாண்டி ஆட்டோ நகரவில்லை. ஆடித் தள்ளுபடிக் கூட்டம். இறங்கி நடந்தாள்.

கடை வாசலில் மூன்று படி. முதல் படியில் கால் வைக்க இரண்டு நிமிடம் ஆயிற்று அவளுக்கு. உள்ளே போகிறவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். 'ஏறப்படாது' என்று சொன்னவர் கல்லாவுக்கு மேல் மாலை போட்ட படத்தில் இருந்தார். ஏறிவிட்டாள்.

ஆனந்த் இல்லை. எதிரே டீ குடிக்கப் போயிருக்கிறான் என்றார்கள். கடைக்குப் பின்னால், ஜன்னலோரம் தையல் மெஷினில் பாஞ்சாலி உட்கார்ந்து சேலைக்கு ஃபால்ஸ் அடித்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடமாக அதே ஜன்னல்.

"யம்மா! லதா பாப்பாவா? இன்னா இப்பிடி எளச்சிக்கீறே? துன்றியா இல்லியா?"

"நல்லா இருக்கீங்களா பாஞ்சாலிக்கா?"

"எனக்கு இன்னா, கண்ணுதான் சரியா தெர்ல. ஊசி கோக்கறதுக்குள்ள பொழுது போயிடுது. குந்து, குந்து."

லதா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். வந்த இடத்தில் சும்மா இருக்க மாட்டாள் அவள். தம்பி பத்திரத்தோடு கடை ஆள் ஒருவரின் சாட்சியும் இருந்தால் இன்னும் பலம் என்று தோன்றியது.

"அக்கா, சாயம் போகாம இருக்க ஆனந்த் ஒரு தண்ணி கலக்குறானே, அதை முதல்ல எப்ப கலந்தான்னு ஞாபகம் இருக்கா?"

"எந்தத் தண்ணி?"

"கடுக்காய், படிகாரம் எல்லாம் போட்டு, சுங்குடிச் சேலையை முக்கி எடுப்பீங்களே."

"அட, லதா தண்ணியா!"

லதாவுக்குப் புரியவில்லை.

"இங்க எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவோம். மொதலாளி வெச்ச பேரு. 'பாஞ்சாலி, லதா தண்ணில நாப்பது சேலை முக்கிப் போடு'ம்பாரு. இன்னாத்துக்கு அப்பிடிப் பாக்கறே? உனுக்குத் தெரியாதா?"

"அப்பாவா? எப்பலேருந்து?"

"அதுவா... எம் பொண்ணு தமிழ்மொழி வயித்துல இருந்தா. கடுக்கா வாடைக்கு எனுக்கு வாந்தியா வரும். மொதலாளி எலுமிச்சம்பழம் வாங்கியாந்து குடுப்பாரு. இந்த வருசம் அது காலேஜி சேந்துகீது, நீயே பாத்துக்கோ." பாஞ்சாலி நூலைப் பல்லால் கடித்தாள். "வாங்க வர்றவங்ககிட்ட சொல்லி சொல்லிக் குடுப்பாரு. 'இது நம்ம கடைல முக்குனது, சாயம் போச்சுன்னா துணியைத் திருப்பிக் குடு'ம்பாரு. ஒருத்தரும் திருப்பிக் குட்த்தது இல்ல."

முதலில் லதாவின் வக்கீல் மூளைதான் விழித்தது. பதினெட்டு வருடம். வெளிப்படையாக, வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சொல்லி விற்றிருக்கிறார். விண்ணப்பம் செத்தது. அதில் சந்தேகமே இல்லை.

அதற்கு அப்புறம்தான் மற்றது உறைத்தது. பட்டில் பாழாய்ப் போனதை அப்பா பருத்தியில் போட்டுப் பார்த்திருக்கிறார். படியேறாதே என்று சொல்லிவிட்டு, அவள் விட்டுப்போன நோட்டை எடுத்துப் படித்து, அவள் பெயரையே வைத்து, தினமும் நாலு பேர் காதில் விழ அதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அவளுக்கு மட்டும் சொல்லவில்லை. அவள் பாட்டுக்கு அடையாறில் உட்கார்ந்து, தன்னைத் தலைமுழுகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பாவி மனுஷன்!

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாஞ்சாலி தைத்து வைத்திருந்த சேலைகள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இந்த இடத்தில் ஒன்றை நான் ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். ஊரார் கண்டுபிடிப்பையெல்லாம் சல்லடை போட்டுச் சலிக்கிறவள், தம்பி நீட்டிய பாட்டிலைப் பார்த்து, 'கடுக்காயும் படிகாரமும் எனக்குத் தெரிந்த ஜோடியாயிற்றே' என்று ஒரு தடவையாவது யோசித்திருக்க வேண்டாமா? யோசித்தாள். அது பட்டுக்கு, இது பருத்திக்கு, அளவும் வேறு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். தோண்டினால் மீன் குழம்பு போய்விடுமோ என்ற பயம். வேறு கட்சிக்காரராக இருந்தால் அவள் விட்டிருக்க மாட்டாள்.

"வந்துட்டியாக்கா?" ஆனந்த் பின்னால் நின்றான். "குடு, எங்க போடணும் கையெழுத்து? நோட்டரியை நாலு மணிக்கு வரச் சொல்லிருக்கேன்."

"மேல வா. பேசணும்."

மாடியில் சரக்கு அறை. கட்டுக் கட்டாகத் துணி, நடுவில் இரண்டு பேர் நிற்க மட்டும் இடம்.

"இதை நீதான் கண்டுபிடிச்சியாடா?"

அவன் முகம் ஒரு நொடியில் மாறியது. "அந்த பாஞ்சாலிக்கு வாய் சும்மாவே இருக்காதே."

"என் நோட்டு எங்க கிடைச்சுது?"

"அப்பா பீரோல. வேட்டிக்கு அடியில."

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"என்னான்னு சொல்லணும்? 'அக்கா, இதுவும் உன்னுதுதான்'னு வந்து நிக்கணுமா?" அவன் குரல் உயர்ந்தது, கீழே கேட்கும் என்று அடக்கிக்கொண்டான். "உன்னை வெளியே போன்னு சொன்ன மனுஷன், தினம் உன் பேரைச் சொல்லிக்கிட்டே இருந்தாரு. லதா தண்ணி, லதா தண்ணின்னு. பக்கத்துல நான் நிக்கிறேன்கா. காலேஜை விட்டுட்டு வந்து பத்தொம்பது வருஷம் நிக்கிறேன். ஒரு ஊக்குக்காவது என் பேரை வெச்சிருப்பாரா?"

தான் இல்லாத வீட்டில் தன் பெயர் இவனை இப்படிப் படுத்தியிருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

"எனக்குத் தெரியாதுடா."

"உனக்கு எப்படித் தெரியும்? நீதான் ரோஷமா போய்ட்டியே." அவன் பத்திரத்துக்குக் கை நீட்டினான். "இதை விலைக்குக் கேட்ட ஈரோட்டு மில்காரங்க, பேடன்ட் வந்தாதான் எடுத்துக்குவோம்னு சொல்லிட்டாங்க. இல்லைன்னா இந்தப் பெரிய கடைங்களுக்கு நடுவுல அடுத்த ஆடிக்கு நான் ஷட்டர் தூக்க மாட்டேன். ஒரே ஒரு வரிதான்கா. யாருக்கு என்ன கெட்டுப் போச்சு?"

"பொய்ச் சத்தியம் ஆனந்தா. தெரியாம பண்ணியிருந்தா வேற. இப்ப எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டு என் கையால இதைத் தாக்கல் பண்ண முடியாது. விண்ணப்பத்தை வாபஸ் வாங்கு. வேற வழி பாப்போம், உன் பேர்ல ட்ரேட்மார்க்..."

"ஏற்கெனவே இருக்கு, அப்படித்தானே? எல்லாருக்கும் சொல்றதை எனக்கும் சொல்லிட்டே."

அவள் கையிலிருந்து பத்திரத்தை அவனே எடுத்துக்கொண்டான்.

"நான் வேற வக்கீலைப் பாத்துக்கிறேன். நீ ஞாயித்துக்கிழமைக்கு வேற வீட்டைப் பாத்துக்க."

இப்படிச் சொல்லிவிட்டான். சொன்னதும் அவனுக்கே கண் கலங்கியது. ஆனால் திருப்பி எடுக்கவில்லை. அதே ரத்தம்தானே.

தி. நகரிலிருந்து கோடம்பாக்கம் எவ்வளவு தூரம், ஆட்டோ பிடித்தால் பத்து நிமிடம். ஆடிக் கூட்டத்தில் ஆட்டோ நகராது, அவள் நடந்தே போனாள். அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவன் போன் பண்ணுவதற்கு முன்னால். போய்ச் சேர்ந்தபோது அம்மா புஷ்பம் கதவைத் திறந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது, போன் வந்தாயிற்று.

"வாட்டி. சாப்பிட்டியா?"

"பசிக்கல."

"வெயில்ல நடந்தா வந்த? மூஞ்சைப் பாரு. உக்காரு."

சோற்றைப் போட்டு, காலையில் வைத்த குழம்பை ஊற்றி முன்னால் வைத்தாள். பட்டணத்துக்கு வந்து நாற்பது வருடம் ஆகியும் புஷ்பத்தின் பேச்சிலிருந்து சாத்தான்குளம் போகவில்லை.

லதா இரண்டு வாய் சாப்பிட்டாள். அப்புறம் கேட்டாள்:

"உனக்குத் தெரியுமாம்மா? அப்பா என் பேரை வெச்சது?"

"தெரியும்."

"பதினெட்டு வருஷமா தெரியுமா? ஏம்மா எனக்குச் சொல்லல? ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா? நான் அங்க தனியா கெடந்து..." முடிக்க முடியவில்லை. நாற்பத்தைந்து வயதுப் பெண், கையில் சோற்றோடு விம்மி விம்மி அழுதாள்.

புஷ்பம் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "அவரே கூப்பிட்டுச் சொல்லுவாருன்னு இருந்தேன். நான் சொல்லி, உனக்கு அவரு சொன்ன மாதிரி ஆவுமா? ஒவ்வொரு தீவாளிக்கும், இந்தத் தடவை கூப்புடுதேன்னுதான் சொல்லுவாரு. போனை எடுப்பாரு, வெப்பாரு. அப்பிடியே போய்ச் சேந்துட்டாரு."

புஷ்பம் இன்னும் ஒரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.

"லதா, இந்த ஞாயித்துக்கிழமை வராத."

"அவன் சொல்லச் சொன்னானா?"

"நான் சொல்லுதேன். அவன் பிள்ளைகளோட வாரான். நீ இருந்தா அவன் இலையை விட்டு எந்திரிப்பான். ஒரு பிள்ளைக்குப் போட்டு ஒரு பிள்ளையை எழுப்ப எனக்கு ஆவாது."

லதா தலையாட்டினாள். அம்மா கேட்டது நியாயம்தான். நியாயமாக இருந்ததால்தான் இன்னும் வலித்தது.

கிளம்பும்போது புஷ்பம் உள்ளே போய், துணிக்கடை மஞ்சப்பை ஒன்றைக் கொண்டுவந்தாள். "இது உன்னுது. இங்கிலீசுல நீ எழுதினது எனக்கு விளங்கல. அவரு எழுதினதை மட்டும் வாசிச்சேன். கொண்டு போ."

அடையாறு வந்து சேர்ந்தபோது மணி ஐந்தரை. செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்து பையைத் திறந்தாள். அவளுடைய பழைய ஆராய்ச்சி நோட்டு. கடைசிப் பக்கத்தில் அவள் சிவப்பு மையில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: தோல்வி. கைவிடப்பட்டது.

அதற்குக் கீழே பென்சிலில், தமிழில், பொன்ராஜின் கோணல் கையெழுத்து தொடங்கியது.

'14.4.2007. பட்டுக்கு ஆகாது. பருத்திக்கு ஆகும். பத்தில் ஒன்றாகத் தண்ணீர் விட்டு, ஆறவைத்து, நாற்பது சுங்குடி முக்கியது.'

'2.6.2007. மந்தைவெளி டீச்சரம்மா வந்தார். ஏழு முறை துவைத்தாச்சு, சாயம் போகவில்லை என்றார்.'

'9.6.2007. ஆழ்வார்பேட்டை அம்மாள், அதேதான் சொன்னார். லதா எழுதினது எல்லாம் சரி. துணிதான் தப்பு. நான் அவசரப்பட்டுட்டேன்.'

லதா அந்த வரியை எத்தனை தடவை படித்தாள் என்று எனக்குத் தெரியாது. உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும், 'எங்கப்பா இப்படி எழுதியிருக்கார்' என்று சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். போனை எடுத்து, பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனாள். கட்சிக்காரர், கட்சிக்காரர், கேஸ் ஏஜென்சி, லிஃப்ட், கட்சிக்காரர். இதைக் கேட்டுத் துள்ளிக் குதிக்கக்கூடிய ஒரே ஆள் எதிர்க்கட்சி வக்கீல் சுந்தரராமன்தான். தேதி, வாடிக்கையாளர், கடை உபயோகம், மூன்றும் ஒரே பக்கத்தில். அவர் ஊரெல்லாம் தேடிக்கொண்டிருக்கும் சாட்சி இது.

அப்போது வாட்ஸாப்பில் ஆனந்திடமிருந்து ஒரு படம் வந்தது. ஒரு வார்த்தையும் இல்லை, படம் மட்டும். நோட்டரி முத்திரையோடு பிரமாணப் பத்திரம், வேறு வக்கீலின் பெயரில் தாக்கல் ஆகிவிட்டது. அவள் எழுதியதில் இல்லாத ஒரு வரியை அந்த வக்கீல் சேர்த்திருந்தார். 'என் தந்தை காலஞ்சென்ற பொன்ராஜ் அவர்கள் இதுபோன்ற எந்தக் கரைசலையும் தம் வாழ்நாளில் தயாரிக்கவோ பயன்படுத்தவோ இல்லை என்று சத்தியமாகச் சொல்கிறேன்.' கீழே ஆனந்தின் கையெழுத்து.

அவளுக்கு ரத்தம் கொதித்தது. தன் பெயரை அடித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். அப்பாவை இல்லை என்கிறானே! மடியில் நோட்டு, கையில் போன். சுந்தரராமனின் நம்பர் திரையில் இருந்தது.

அழைப்பு வந்தது. அம்மா. வழக்கத்தைவிடத் தணிந்த குரல்.

"லதா, அந்த நோட்டைத் தேடிட்டு ஆனந்து வந்தான். பீரோவைக் குடைஞ்சான். எங்கன்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"பழைய பேப்பர்காரன்ட்ட போட்டுட்டேன்னேன். நம்பல. சத்தியம் பண்ணுன்னான்."

"பண்ணினியா?"



"அவன் தலைல கை வெச்சுப் பண்ணிருக்கேன்ட்டி. பெத்த பிள்ளை தலைல." புஷ்பத்தின் குரல் உடைந்தது. "அவரு எழுதினதை நீ பத்திரமா வெச்சிருப்பேன்னுதான் குடுத்தேன். வெளிய மட்டும் எடுத்துராத தாயி."